ஏழாவது கேள்வி

கூப்பிடுவார்கள், கூப்பிடுவார்கள் என்று காலை மணி அடித்ததிலிருந்து இந்தப் பலகையில் உட்கார்ந்திருக்கிறேன், வெயில் கோட்டை மதிலைத் தாண்டி இறங்கி என் முழங்காலுக்கு வந்துவிட்டது, உள்ளே மூன்று துரைகளும் இன்னும் காகிதம் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். என்னதான் இருக்கிறது அதில், இவ்வளவு நேரம் வாசிக்க. நான் சொன்ன கதை அது. வலை காயப்போடும் மணலில் உட்கார்ந்து, ஒரு வெற்றிலையை மடித்து மென்று துப்புகிற நேரத்துக்குள் சொல்லி முடித்த கதை. அதைத் துபாசி சவரிமுத்து தமிழில் கேட்டு, பறங்கிப் பாஷையில் சொல்ல, அந்தப் பாஷையிலிருந்து ஓர் எழுத்துக்காரன் தங்கள் ஊர்ப் பாஷைக்கு மாற்றி எழுதி, முப்பது பக்கம் ஆக்கி வைத்திருக்கிறார்கள். என் புளுகை நானே அவ்வளவு நீட்டியதில்லை. நீட்டினால் கேட்கிறவன் எழுந்து போய்விடுவான். இங்கே ஒருத்தனும் எழுந்து போகிறதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் குப்பத்தில் ஒரு நியாயம் உண்டு, வைரக்கண்ணு சொன்னால் முக்கால் பங்கைக் கழித்துக்கொள் என்று. சுறா இருபது முழம் என்றால் ஐந்து முழம் என்று அவரவர் மனதுக்குள் வைத்துக்கொள்வார்கள், எனக்கும் தெரியும், அதனால்தான் ஐந்து முழச் சுறாவை இருபது முழம் என்று சொல்கிறேன், சரியான அளவு போய்ச் சேரட்டும் என்று. ஆமை முதுகில் ஏறி யாழ்ப்பாணம் போய்ப் புகையிலை வாங்கி வந்ததைச் சொன்னபோது, நீ புகையிலை வாங்குற வரைக்கும் ஆமை எங்க மாமா நின்னுச்சு என்று கேட்டார்கள், கரையில் கட்டிப்போட்டிருந்தேன் என்றேன், எதால கட்டுனே என்றார்கள், கயிற்றால்தான் என்றேன், அத்தோடு சிரித்து எழுந்து அவரவர் வேலைக்குப் போனார்கள். அவர்களில் யாராவது ஆமையைப் பிடித்துவந்து விசாரித்தார்களா. கயிறு. சரி, கயிற்றைப் பற்றி இப்போது வேண்டாம்.

எதிரே தூணோரம் காத்தாயி உட்கார்ந்திருக்கிறாள், காலில் இரும்பு. செத்துப்போன என் பெண்சாதிக்குத் தங்கை முறை, கருவாட்டுக்காரி, நாலு ஊர்ச் சந்தையில் அவள் கருவாட்டை மோந்து பார்க்காமலே வாங்குவார்கள், உப்பு ஒரு கல் கூடாது, ஒரு கல் குறையாது. இரும்பைக் கொலுசு மாதிரி இழுத்து ஒழுங்கு பண்ணிக்கொண்டு என்னையே பார்க்கிறாள். நான் மதிலைப் பார்க்கிறேன். மதிலில் ஒரு ஓணான். "ஏன் மச்சான், முறத்துல கடல் மேல போனேன்னு சொன்னியே, அது பழைய முறமா புது முறமா?" என்று கேட்கிறாள். பேசாமல் இரு காத்தாயி என்கிறேன். "இல்ல, உள்ள கேட்டா நான் ஒண்ணு சொல்லி நீ ஒண்ணு சொல்லிடக் கூடாதுல்ல. எங்கிட்ட இருக்கிறது ஓட்ட முறம். அதுல போயிருந்தா நடுக் கடல்லயே முங்கியிருப்பேன்." காவல் நிற்கிற சேவகன் சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறான். இவள் என்னைத் திட்டித் தொலைத்தாலாவது நன்றாக இருக்கும். திட்ட மாட்டாள். திட்டினால் நான் அவளிடமிருந்து தப்பித்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும். மத்தியானம் சாட்சி முடிந்தால், சாயங்காலம் கடலில் போட்டுப் பார்ப்பார்களாம், கையையும் காலையும் குறுக்கே கட்டி. மிதந்தால் சூனியக்காரி, தண்ணீரே அவளை வேண்டாம் என்று தள்ளுகிறது, எடுத்துக் கொளுத்திவிடலாம். மூழ்கினால் பாவம், நல்லவள். பாதிரித் துரை தம் ஊரிலிருந்து கொண்டுவந்த தடித்த புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறதாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தலைக்குள் கொதிக்கிறது. கரையில் பிறந்தவள், நடக்குமுன் நீந்தியவள், மிதக்காமல் என்ன செய்வாள். அந்தச் சோதனையை எங்கள் குப்பத்தில் வைத்தால் கைக்குழந்தையிலிருந்து கிழவன் வரைக்கும் எல்லோரையும் கொளுத்த வேண்டும், விறகு காணாது. "முங்குனா நல்லவளாம்ல மச்சான்," என்கிறாள் காத்தாயி, "நல்லவளாச் சாவணும்னு தெரிஞ்சிருந்தா நான் நீச்சலே கத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

நான் எதற்கு அந்தக் கதையைச் சொன்னேன். அதைத்தான் திரும்பத் திரும்பக் கிண்டிக்கொண்டிருக்கிறேன், பல்லிடுக்கில் மாட்டிய நாரை நாக்கு கிண்டுகிற மாதிரி, அது வரவும் மாட்டேன் என்கிறது, நாக்கு சும்மா இருக்கவும் மாட்டேன் என்கிறது. போன ஐப்பசியில் கப்பல் போனது. ஒரு கல் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்ற கப்பல், கரையிலிருந்து கொடித்துணி தெரியும், காற்று திரும்பிய அரை நாழிகையில் நங்கூரக் கயிறு அறுந்து, மணல்மேட்டில் ஏறி, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விட்டது. இருபத்து மூன்று பேர். எங்கள் குப்பத்துப் பிள்ளைகள் நாலு பேர். அதில் காத்தாயியின் ஒற்றைப் பிள்ளை நல்லான். அவனுக்குப் போக இஷ்டமில்லை, கிடங்குத் துரைதான் ஆள் குறைகிறது என்று இழுத்துக்கொண்டு போனார். இவள் கிடங்கு வாசலுக்குப் போய் மண்ணை வாரித் தூற்றினாள், ஊரே பார்த்தது, எங்கள் பெண்பிள்ளைகள் வயிறு எரிந்தால் செய்கிறதுதான், வாய்க்கால் தகராறில் கூடச் செய்வார்கள், யார் வீடும் அதனால் இடிந்ததில்லை. ஆனால் இவள் தூற்றும்போது சும்மா இருந்தாளா, உன் கப்பல் நின்ன எடத்துல நிக்காதுடா என்று சொல்லிவிட்டாள். அது நின்ற இடத்தில் நிற்கவில்லை. பிள்ளைகளை எடுத்துப் புதைத்துவிட்டு வந்த பிறகு பத்து நாள் குப்பத்தில் யாரும் யாரோடும் பேசவில்லை, உலையில் அரிசி போடுகிற சத்தம்கூடக் கேட்கவில்லை, நாய்கள்கூடக் கரையோரமாக ஒதுங்கிப் போயின. எனக்கு அந்த அமைதி தாங்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வேலை வாய் வேலை. அதனால் சொன்னேன், காத்தாயி சும்மாவா இருந்தாள், உச்சி வெயிலில் ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்து முறத்தைக் கடலில் போட்டு ஏறி, அகப்பையால் துடுப்புப் போட்டுக் கப்பலுக்குப் போய், பாய்மரத்து உச்சியில் உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டே, கலயத்துக் கஞ்சியைக் கயிறு கட்டி மகனுக்கு இறக்கிவிட்டாள், நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன் என்று. பத்து நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகச் சிரித்தார்கள். காத்தாயியும் சிரித்தாள். கஞ்சிக்குத் தொட்டுக்க என்னா வெச்சேன் மச்சான் என்று கேட்டாள், சுட்ட கருவாடு என்றேன், அப்புறம்தான் அழுதாள், அதற்கு முன் அவள் அழவே இல்லை. அது நல்ல கதை. நான் சொன்னதிலேயே நல்ல கதை. அதைத்தான் எடுத்துப் போய் இப்படிப் பண்ணிவிட்டார்கள்.

பாதிரியின் புத்தகத்தில் இரண்டு சாட்சி வேண்டும் என்று இருக்கிறதாம். ஒருத்தன் சொன்னால் போதாது, இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது. முதல் சாட்சி, பீப்பாயைப் பிடித்துக்கொண்டு கரை ஒதுங்கிய ஒரு வெள்ளைக்கார மாலுமி. கோட்டைக்குள் காய்ச்சலில் கிடந்தான். சமையற்காரன் கஞ்சி ஊற்றப் போன இடத்தில் என் கதையைச் சொல்லியிருக்கிறான், மறுநாள் மாலுமி எழுந்து உட்கார்ந்து, ஆமாம், பாய்மரத்தில் ஒருத்தி தலைவிரித்து உட்கார்ந்திருந்தாள், நானும் பார்த்தேன் என்றானாம். இரண்டாவது சாட்சி நான். ஒரே புளுகு, இரண்டு வாய். இதைச் சொல்லலாம் என்றுதான் போன வாரம் சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். "துபாசியாரே, அது சும்மா சொன்னது, நான் முறத்தையும் பாக்கல, கலயத்தையும் பாக்கல." அவர் சட்டையின் மேல் பொத்தானைத் திருகிக்கொண்டே, "பெரியவரே, ஊருக்கே தெரியும் அது சும்மான்னு. எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகென்ன, போய்ச் சொல்லும் என்றேன். "சொன்னேன். ஒன்பதாவது கேள்வியில அதுக்கு எடம் வச்சிருக்காங்க." எதற்கு. "சாட்சி மறுத்துப் பேசினால், அவன் நாக்கை யார் கட்டினது, எந்த நாளில் கட்டினாள்ங்கிறது ஒன்பதாவது கேள்வி." நான் எத்தனை பேர் வாயை அடைத்திருக்கிறேன், ஆமை எங்கே நின்றது என்று கேட்டவன் வாயை எல்லாம், என் வாயை இப்படி ஒருத்தரும் அடைத்ததில்லை. உண்மையைச் சொன்னாலும் அதற்கு ஒரு எண் போட்டு வைத்திருக்கிறார்கள்.

பதினோரு கேள்வி. சவரிமுத்து அன்றைக்கே தமிழில் சொல்லிக் காட்டினார், எனக்குப் பதினொன்றும் மனப்பாடம், வேறு என்ன வேலை இந்தப் பலகையில். எந்த நாளில் பார்த்தாய். முறம் தண்ணீரைத் தொட்டதா, தொடாமல் போனதா. கூட யாராவது இருந்தார்களா, இருந்தால் அவன் காலில் சாத்தானுக்கு இருக்கிற மாதிரிக் குளம்பு இருந்ததா. கலயத்தில் என்ன மருந்து இருந்தது. கஞ்சியடா, கஞ்சி, நொய்க்கஞ்சி. ஐந்தாவது, தலைமுடியைக் கோதும்போது காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது. ஆறாவது, மண்ணை எந்தக் கையால் தூற்றினாள். பதினொன்றில் எங்கேயாவது, நீ பார்த்தாயா என்று ஒரு கேள்வி இருக்கிறதா. இல்லை. சந்தையில் கத்தரிக்காய் வாங்குகிறவன்கூட அது சொத்தையா என்று முதலில் கேட்பான். இவர்கள் எத்தனை காய் என்றே ஆரம்பிக்கிறார்கள். அந்த மூன்று பேரில் ஒருவர் கிடங்குத் துரை, அது அடுத்த அநியாயம், கப்பலுக்குக் கயிறு கொடுத்தவரும் அவர்தான், கப்பல் ஏன் போனது என்று விசாரிக்கிறவரும் அவர்தான். கயிறு என்ற சொல் வந்துவிட்டது பார். ஏழாவது கேள்வி. எந்தப் பொருளில் மந்திரத்தை ஏற்றிக் கப்பலைக் கெடுத்தாள். ஒவ்வொரு தடவை எண்ணும்போதும் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவிவிடுகிறேன், ஏழில் கால் வைத்தால் ஈரமாக இருக்கிறது.

ஈரம் என்றால் நல்ல தண்ணீர். அதுதான் விஷயம், யாரிடமும் சொல்லாத விஷயம். ஆவணி மாதம், கிடங்கு முற்றத்தில், புது நங்கூரக் கயிற்றைச் சுருள் சுருளாகப் பிரித்துப் போட்டு, கிணற்றுத் தண்ணீரை இறைத்து இறைத்து ஊற்றினார்கள், நாலு நாள். தேங்காய் நார்க் கயிறு. உப்பு ஊறிக் கிடந்ததைக் கிடங்குத் துரை தொட்டு, நக்கி, முகம் சுளித்து, கழுவச் சொல்லிவிட்டார். அவர்கள் ஊரில் வேறு ஏதோ செடி நாராம், அதைக் கழுவிக் காயவைத்து வைப்பார்களாம். தேங்காய் நார் அப்படியா. உப்புத் தண்ணீரில் கிடந்தால் தலைமுறைக்கு நிற்கும், நல்ல தண்ணீரில் நனைத்து இருட்டில் சுருட்டி வைத்தால் உள்ளே புழுங்கி இற்றுப்போகும், இது எங்கள் கரையில் சொல்லித்தரக்கூடத் தேவையில்லாத சங்கதி. நான் அன்றைக்கு அந்தப் பக்கம் போனேன். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவன் நல்லான். "பெரியப்பா, இது அழுகிப் போயிடாதா?" என்று கேட்டான். வெள்ளைக்காரன் கயிறு, வெள்ளைக்காரன் கிணறு, உனக்கென்னடா என்றேன். சொல்லிவிட்டுப் போகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு, இதை எப்படிச் சொல்வது, எங்கே நிறுத்தினால் சிரிப்பார்கள் என்று கோத்துக்கொண்டே போனேன். கதைக்கு எடுத்து வைத்தேன் அதை. ஊறுகாய் போட்ட மாதிரி எடுத்து வைத்தேன். துரையிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரித்து விரட்டியிருப்பார், சரி, விரட்டட்டும், விரட்டின கதையாவது மிஞ்சியிருக்கும். முக்கால் பங்கு கழிக்க வேண்டாத ஒரே சமாச்சாரம் என் எழுபது வயதில் அகப்பட்டது அது ஒன்றுதான், அதை நான் சொல்லவில்லை. சொல்லாததை மறைக்க முறம், அகப்பை, பாய்மரம். குப்பத்து அமைதி தாங்காமல் சொன்னேன் என்கிறேனே, அதில் முக்கால் பங்கை நீங்களும் கழித்துக்கொள்ளுங்கள்.

"மச்சான்," என்கிறாள் காத்தாயி. இப்போது குரலில் நக்கல் இல்லை, அது எனக்குப் பிடிக்கவில்லை. "ஒண்ணு கேக்கறேன், சிரிக்காத. ஒருவேள நான்தான் பண்ணிட்டனோ?" என்ன பண்ணினாய். "மண்ணு தூத்துனனே. நின்ன எடத்துல நிக்காதுன்னு சொன்னனே. எம்புள்ள அதுல போறான்னு தெரிஞ்சும் சொன்னேன். ஏழு நாளா உள்ள வச்சுக் கேட்டாங்க, பாதிரி நல்லபடியாத்தான் கேட்டாரு, தண்ணி எல்லாம் குடுத்தாரு. யோசிச்சுப் பாரு, யோசிச்சுப் பாருன்னாரு. யோசிச்சுப் பார்த்தா அப்படித்தான் தோணுது." ஓணான் மதிலில் தலையை ஆட்டுகிறது. எனக்கு அந்த ஓணானைக் கல்லால் அடிக்க வேண்டும் போலிருக்கிறது. அட பாவிகளா, காலில் போட்ட இரும்பு போதாதென்று இதை வேறு உள்ளே போட்டுவிட்டீர்களே. அவள் கழுத்தைத் திருகினால்கூட நான் புரிந்துகொள்வேன், இது என்ன வேலை, அவள் வாயாலேயே அவளை. இல்லை காத்தாயி, அது கயிறு என்று சொல்ல வாயெடுக்கிறேன், எழுபது வருஷம் ஓயாத வாய், வரவில்லை. வந்து என்ன. நான் சொன்னால் அவள் கழிப்பாள், பழக்க தோஷம், முக்கால் பங்கைக் கழித்துவிட்டு, என் மனதைத் தேற்றச் சொல்கிறான் மச்சான் என்று எடுத்துக்கொள்வாள். நான் சொன்னால் நம்புகிற இடம் இந்த ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அது உள்ளே, அந்த மூன்று நாற்காலி. அங்கே முழுசாக நம்புவார்கள், கால் வீசம் கழிக்க மாட்டார்கள், நம்பித் தொலைக்கிறதுதான் அவர்கள் தொழிலே. ஆறாவது, எந்தக் கையால் தூற்றினாள். ஏழாவது. எந்தப் பொருளில். ஏழில் நிற்கிறேன். ஈரம்தான், இருக்கட்டும். கிடங்கில் அந்தக் கயிற்றின் மறுபாதி இன்னும் கிடக்கிறது, நான் பார்த்திருக்கிறேன், அதே சுருள், அதே நாலு நாள் குளியல்.

வைரக்கண்ணு என்று சேவகன் கூப்பிடுகிறான், கூப்பிடுகிறவனுக்கே அலுப்பு. எழுந்தால் முழங்கால் மரத்துப் போயிருக்கிறது. உள்ளே இருட்டாகத் தெரிகிறது, பிறகு மூன்று முகம் தெரிகிறது, நடுவில் பெரிய துரை, இந்தப் பக்கம் பாதிரி, அந்தப் பக்கம் கிடங்குத் துரை. காத்தாயியையும் இழுத்துவந்து ஓரமாக நிறுத்துகிறார்கள். தட்டில் கற்பூரம். எங்கள் சத்தியத்தைக்கூட விசாரித்து வைத்திருக்கிறார்கள், எல்லாம் விசாரிக்கிறார்கள், வேண்டியதைத் தவிர. கற்பூரத்தை அடித்து அணைத்தேன், உள்ளங்கை சுட்டது. பொய்ச் சத்தியம் வீட்டில் ஒருத்தரைக் கொண்டுபோகும் என்பார்கள். என் வீட்டில் நான்தான் இருக்கிறேன், கொண்டுபோகட்டும். எந்த நாளில் பார்த்தாய் என்று சவரிமுத்து தொடங்குகிறார். "துபாசியாரே, வயசாயிட்டுது, வரிசையா ஞாபகம் வராது. ஏழாவதுலேர்ந்து சொல்றேன்." அவர் என்னை முறைக்கிறார். முறைத்துவிட்டு, என்ன நினைத்தாரோ, அப்படியே அவர்கள் பாஷையில் சொல்கிறார். பாதிரி தலையை ஆட்டுகிறார். "மந்திரத்தக் கயித்துல ஏத்துனா. கப்பல் கயித்துல. கிடங்குக்குள்ளயே ஏத்துனா. எங்க கரையில இது எல்லாருக்கும் தெரிஞ்ச அடையாளம், மந்திரம் ஏறுன கயித்துல உப்பு நிக்காது, எறங்கிப் போயிடும். நார் கையோட வந்துடும். மறுபாதி கிடங்குல கெடக்கு, கொண்டாந்து நாக்குல வச்சுப் பாருங்க. உப்பிருந்தா நான் பொய்யன், என் நாக்க அறுத்துக்குங்க." சவரிமுத்துவின் குரல் நடுவில் ஒரு இடத்தில் இடறி, மறுபடி சரியாகப் போகிறது. எழுத்துக்காரன் இறகை மையில் தோய்க்கிறான். பாதிரி முகத்தில் விளக்கேற்றின மாதிரி இருக்கிறது, தடித்த புத்தகத்தில் இல்லாத புது அடையாளம் ஒன்று அகப்பட்டுவிட்டதே. கிடங்குத் துரை ஏதோ சொல்ல வருகிறார், பெரிய துரை கையைத் தூக்கி நிறுத்துகிறார்.

கயிற்றுச் சுருளை இரண்டு பேர் சுமந்து வந்தார்கள். மேசைமேல் வைத்ததும் குளத்துச் சேற்று வாடை கூடம் முழுக்க. பெரிய துரை ஒரு புரியைப் பிடித்து இழுத்தார், அறுக்க வேண்டியிருக்கவில்லை, சோற்றுப் பருக்கை மாதிரி வந்தது. வாயில் வைத்தார். பாதிரி கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு வாயில் வைத்தார். இரண்டு பேரும் மாடு மாதிரி மென்றார்கள், தேடித் தேடி மென்றார்கள். பெரிய துரை ஒரு துணுக்கைக் கிடங்குத் துரையிடம் நீட்டினார். அவர் வாங்கினார், விரலில் உருட்டினார், வாயைத் திறக்கவில்லை. கிடங்குச் சாவி யாரிடம் இருக்கும் என்று பெரிய துரை கேட்டதாகச் சவரிமுத்து எனக்கு மெதுவாகச் சொன்னார், என்னிடம் கேட்கப்படாத கேள்வி, பதினொன்றில் இல்லாத கேள்வி. அந்தச் சாவி கிடங்குத் துரையிடம்தான் இருக்கும், ஊருக்கே தெரியும். அந்த மனிதருக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். அவர் செய்தது தவறு என்று எழுதுவார்கள், இல்லாவிட்டால் கவனக்குறைவு என்று எழுதுவார்கள், சூனியம் என்று எழுத மாட்டார்கள், அந்தச் சொல்லைக் காத்தாயிக்கு மட்டும்தான் வைத்திருந்தார்கள். எழுதித் தொலைக்கட்டும். எழுத்துக்காரன் இறகு காய்ந்துபோய்க் காற்றில் நிற்கிறது. "இங்க குடு," என்றாள் காத்தாயி. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை, நான்தான் ஒரு புரியைப் பிய்த்துக் கொடுத்தேன், என்னை யாரும் தடுக்கவில்லை. முப்பது வருஷம் உப்பைத் தொட்ட நாக்கு. வாயில் போட்டு, கன்னத்தில் ஒதுக்கி, மெதுவாக மென்றாள். என்னைப் பார்க்கவில்லை, மூன்று துரைகளையும் பார்க்கவில்லை, தரையில் தன் காலடியில் பார்த்துக்கொண்டே, அங்கே கடைசியாக ஒரு தடவை தேடிப் பார்க்கிற மாதிரி, நெடுநேரம் மென்றாள். பிறகு கையில் துப்பி, விரித்துப் பார்த்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

"கெணத்துத் தண்ணி."